இடது கையால் கொடுத்தவர்

மாணிக்கம் அண்ணன் இறந்துபோனதை எனக்குச் சொன்னவள் என் அக்கா சுதா. அன்று காலை அவள் வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்திருந்த போனில் யாரோ போட்ட ஸ்டேட்டஸ் வந்தது. மாலை போட்ட படம். அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கையில் இருந்த மீனின் தலையைக் கிள்ளிப் போட்டாள். பிறகு உள்ளே திரும்பிச் சொன்னாள்.

"உங்க டாக்டரு செத்துட்டாராம்."

நான் வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தேன். சீப்பு அப்படியே நின்றது.

"போ. போயி அழுதுட்டு வா. மால கீலன்னு என் பேருல எதுவும் போடாத" என்றாள். அடுத்த மீனை எடுத்தாள்.

அண்ணனை அறிந்த உங்களுக்கு அவர் டாக்டர் இல்லை என்பது தெரியும். முத்தியால்பேட்டையில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் மெடிக்கல் வைத்திருந்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் அவரை விளையாட்டாக "தொக்தேர்" என்று கூப்பிடுவார். மற்றவர்கள் டாக்டர் என்று கூப்பிட்டது விளையாட்டாக இல்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துக் கோமதி அண்ணி என்னைக் கூப்பிட்டார். படத்திறப்பு அன்றைக்கு வாசிக்க அண்ணனைப் பற்றி எழுதிக் கொடுக்கச் சொன்னார். "நீ வாயத் தொறக்க மாட்ட. ஆனா எழுதினா நல்லா எழுதுவ. அவரே சொல்லியிருக்காரு. கைராசிக்காரருன்னு ஒரு வார்த்த மட்டும் வந்துடணும்மா. அவரு சேத்து வெச்சது அது ஒண்ணுதான்" என்றார்.

வீட்டில் வந்து இதைச் சொன்னேன். அக்கா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

"அந்த ஆள நல்லவருன்னு எழுதின, அப்புறம் நீயும் நானும் ஒரே வீட்ல சாப்புட முடியாது. கெட்டவருன்னும் எழுத வேணாம். நடந்தத எழுது. அதுக்குத் தைரியம் இல்லன்னா சும்மா இரு. சும்மா இருக்கறது உனக்குப் பழக்கந்தான?"

நடந்ததை எழுதுகிறேன்.

நான் பத்தாவதில் பள்ளியை விட்டு நின்றவள். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பேன். பதில் தெரியும், வாய் வராது. அப்படி நின்று நின்று, ஒரு நாள் பள்ளிக்கே போகாமல் நின்றுவிட்டேன். அம்மா என்னை மெடிக்கலுக்கு அழைத்துக்கொண்டு போனாள். அண்ணன் என்னிடம் இரண்டு மூன்று கேள்வி கேட்டுப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "நம்ம கடையில ரெண்டு பல்லி இருக்கும்மா. அதுங்களே இத விட ஜாஸ்தி பேசும். பரவால்ல, இருக்கட்டும். கடைக்கு வாய்தான் நான் இருக்கேனே" என்றார்.

அவர் வாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக இந்த ஊரில் இடங்கள் இல்லாமல் இல்லை. குழந்தை டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் போட வேண்டும். டோக்கன் போடுகிற பெண் நம் முகத்தைப் பார்க்காமலே பேசுவாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் போய்விடும். தட்டாஞ்சாவடியில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் போவது என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். போனாலும் முதல் வார்த்தை திட்டாகத்தான் இருக்கும். ஏன் இதைக் கொடுத்தாய், ஏன் இத்தனை நாள் வைத்திருந்தாய், அடுத்தவங்க வரணும், நகரு.

அண்ணன் கடையில் அப்படி இல்லை. "வாம்மா, இன்னா ஆச்சு என் தங்கத்துக்கு?" என்று எழுந்து வருவார். வலது புறங்கையைக் குழந்தையின் நெற்றியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். தாய் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். பிறகு அவர் கண்ணைத் திறந்து, "ஒண்ணும் இல்லம்மா. சூடுதான்" என்பார். எல்லோரும் வந்தது அந்த "ஒண்ணும் இல்ல"வுக்காகத்தான். மருந்து அதற்கு அப்புறம்தான்.

மருந்து பாட்டிலை வாங்கியதும் யாரும் போய்விட மாட்டார்கள். "மொத வேள உங்க கையால ஊத்துங்கண்ணா" என்று அவரிடமே திருப்பி நீட்டுவார்கள். அவர் மூடியில் அளந்து புகட்டுவார். மூடியைக் கழுவித் தருவது என் வேலை.

வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வரும் வள்ளி அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு முறை அவர் தன் பையனை எப்படியோ பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டார். அங்கே கொடுத்த மருந்தைப் பிரிக்காமல் அப்படியே அண்ணனிடம் கொண்டுவந்து நீட்டினார். "நீங்க ஒருதரம் கையில வாங்கிக் குடுங்கண்ணா." அண்ணன் வாங்கினார், திருப்பிக் கொடுத்தார். "இப்பத்தான் இது மருந்து. அதுவரைக்கும் வெறும் தண்ணி" என்று சொல்லி வள்ளி அக்கா அதை இடுப்பில் செருகிக்கொண்டார். அண்ணன் சிரித்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன். அந்தச் சிரிப்பில் கூச்சம் இல்லை. அவரும் அதை நம்பினார். இதை நான் சொல்லியாக வேண்டும்: அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றுகிறவராக இருந்திருந்தால் கொஞ்சமாவது பயந்திருப்பார்.

யாழினி என் அக்கா மகள். மூன்று வயது. கடைக்கு வந்தால் முன்னால் இருக்கும் கண்ணாடிப் பெட்டியை நாக்கால் நக்குவாள். உள்ளே ஆரஞ்சு மிட்டாய் டப்பா இருக்கும். "நக்கட்டும் வுடு. இவ நக்கினாத்தான் என் கடைக் கண்ணாடி பளபளன்னு இருக்குது. நீ தொடைச்சு என்ன கிழிச்ச?" என்று அண்ணன் என்னைக் கிண்டல் செய்வார். அவளுக்கு ஒரு மிட்டாய், வாய் பேசாத எனக்கு ஒரு மிட்டாய்.

மழை விட்டுத் தண்ணீர் தேங்கி, வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்த சமயம் அது. யாழினிக்கும் வந்தது. அக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். அக்காவின் மாமியாரை நாங்கள் அத்தை என்போம். அத்தைக்குக் காது மந்தம். அதனால் அவர் பேசுவதும் எதிர் வீடு வரைக்கும் கேட்கும். "கைராசிக்காரரு தெருவுலயே இருக்காரு. எங்கேயோ இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஏன்டி தூக்கினு ஓடற? எம்புள்ளைங்க எல்லாம் அவரு கையில மருந்து குடிச்சு வளந்ததுங்கதான்" என்றார். அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, ஷிஃப்டுக்கு நேரமாயிற்று என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அத்துடன் பேச்சு முடிந்தது.

அண்ணன் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல சுதா. ஊரெல்லாம் ஓடுற ஜுரந்தான்." அவரே மருந்தைப் புகட்டினார். யாழினி துப்பாமல் குடித்தாள். காய்ச்சல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அக்கா தூக்கிக்கொண்டு வருவாள், அண்ணன் தொடுவார், போவாள். பிறகு ஒரு நாள் காலையில் உடம்பு சில்லென்று ஆகிவிட்டது.

"விட்டுடுச்சு!" என்று அத்தை தெருவில் நின்று கத்தினார். "சொன்னேனா இல்லையா? கைராசின்னா சும்மாவா?"

நம் வீடுகளில் காய்ச்சல் என்றால் சூடு. சூடு போனால் காய்ச்சல் போயிற்று. விட்டுடுச்சு என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. சூடு விட்ட பிறகுதான் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டிய காய்ச்சல் ஒன்று உண்டு என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் எங்களுக்குச் சொன்னார். அவர் சொன்னபோது எங்களிடம் பார்க்கக் குழந்தை இல்லை.

அன்று மத்தியானம் யாழினி வயிறு வலிக்கிறது என்றாள். வாந்தி எடுத்தாள். அக்கா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடிவந்தாள். நான் உள்ளே இருந்தேன். யாழினி கண்ணாடிப் பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறேண்ணா. காலு ரெண்டும் சில்லுன்னு கெடக்குது" என்றாள் அக்கா.

அண்ணன் நெற்றியில் கை வைத்தார். "சூடே இல்லையே சுதா! சூடு இருந்தா பயப்படலாம். சூடு இல்லன்னு யாராச்சும் பயப்படுவாங்களா?" என்று சிரித்தார். "இத்தன நாளா சரியா சாப்புடல. வெறும் வயித்துல மருந்து. வேற ஒண்ணும் இல்ல. வாந்திக்குத் தரேன், குடுத்துட்டுத் தூங்க வுடு. எழுந்தா உன்ன தெருத் தெருவா ஓட வுடுவா பாரு."

அக்காவின் கால் ஆட்டோ நிற்கும் பக்கம் ஓர் அடி போனதை நான் பார்த்தேன். பிறகு திரும்பி வீட்டுக்குப் போனாள். அவர் சிரித்துவிட்டால் அதை மீறி நடக்க யாராலும் முடியாது.

யாழினியைத் தூங்க விட்டார்கள். சாயங்காலம் எழுப்பியபோது எழவில்லை. அக்கா யாரையும் கேட்காமல் ஆட்டோ பிடித்தாள். நானும் ஏறிக்கொண்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, "இவ்ளோ நேரம் எங்கம்மா இருந்தீங்க?" என்று கத்தினார். கையிலும் காலிலும் ஊசி குத்திப் பார்த்தார்கள், நரம்பு அகப்படவில்லை. எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். மறுபடி உள்ளே கூப்பிட்டபோது யாரும் எதற்கும் அவசரப்படவில்லை. அதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

குழந்தை வீட்டில் இருந்தபோது உயிரோடு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செத்தது. அத்தைக்கு இது போதுமாக இருந்தது. புதைத்துவிட்டு வந்த வீட்டு வாசலிலேயே சொன்னார். "ஜுரம் விட்டுப் படுத்துனு இருந்த புள்ளைய தூக்கினு போயி ஊசியால குத்திக் கொன்னுட்டாளே! எம்பேத்திய முழுங்கிட்டாளே!" அவர் குரல் தெரு முழுக்கக் கேட்டது. தெரு அதை எடுத்துக்கொண்டது.

அப்போதுதான் அண்ணன் வந்தார். அத்தை அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இந்தக் கையால நீங்க ஜுரத்த எறக்கி வுட்டீங்க. இவ பொறுக்கலயே!" அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'மத்தியானமே அவள் போகத்தான் பார்த்தாள், நான்தான் திருப்பி அனுப்பினேன்' என்று ஒரு வரி. அவர் அதைச் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன்.

அண்ணன் குனிந்த தலையோடு நின்றார். அத்தை பிடித்த கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. "தைரியமா இருங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். கடைக்கு வாய் நான் என்று சொன்னவர் அவர்.

மாமா அக்காவை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. நான் கடைக்குப் போக மாட்டேன் என்றேன். அக்காதான் போகச் சொன்னாள். "போயி நில்லு. இன்னும் எத்தன பேர திருப்பி அனுப்புறாருன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

நான் போய்ப் பார்த்தது வேறு. அண்ணன் எந்தக் குழந்தையையும் தொடவில்லை. யார் வந்தாலும், "ஆஸ்பத்திரிக்குப் போம்மா" என்றார். யாரும் கேட்கவில்லை. ஏதோ விரதம் என்று நினைத்தார்கள். மூலக்குளத்திலிருந்து ஒரு தாயும் தகப்பனும் ஸ்கூட்டியில் குழந்தையை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு வந்தார்கள். வரும் வழியில் எத்தனை டாக்டர் போர்டைத் தாண்டியிருப்பார்களோ தெரியாது. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் டாக்டருக்குப் படிச்சவன் இல்ல. கடை சர்டிபிகேட்டே இன்னொருத்தர் பேருல இருக்குது."

"இந்தப் பணிவு யாருக்குண்ணா வரும்?" என்றார் அந்த அம்மா. குழந்தையைத் தூக்கி, அதன் தலையை அண்ணனின் கையில் கொண்டுவந்து முட்டினார். "தொட்டா போதும். மருந்துகூட வேணாம்."

அண்ணன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். இடது கையால் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். இடது கையாலேயே நீட்டினார்.

"இந்தா."

அந்த அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. இடது கையால் காசு கொடுத்தாலே நாம் சண்டைக்குப் போவோம். மருந்து, அதுவும் குழந்தைக்கு, அதுவும் அந்தக் கடையில்.

"அண்ணா... கை..."

"இதான் இருக்கு. வாங்கறதுன்னா வாங்கு. இல்லன்னா வண்டி நிக்குதுல்ல, ஆஸ்பத்திரிக்குப் போ."

"யோவ், இன்னா திமிராய்யா உனக்கு?" என்று அந்த அப்பா பாட்டிலைத் தட்டிவிட்டார். அது உடைந்து கடை வாசலெல்லாம் சிவப்பாக வழிந்தது. ஸ்கூட்டியைத் திருப்பினார்கள். ஆஸ்பத்திரி இருக்கும் பக்கமாகத்தான் திருப்பினார்கள். வண்டி மறையும்வரை அண்ணன் சாலையில் நின்று பார்த்தார். பிறகு என்னிடம், "தொடச்சு வுடு. கண்ணாடி குத்திடப் போவுது" என்றார்.

கும்பிட்டுச் சொன்னபோது நகராதவர்கள் அவமானப்பட்டதும் போனார்கள். அதற்குப் பிறகு அவர் யாரையும் கும்பிடவில்லை.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தலைக்கனம் என்றீர்கள். குடி என்றும் சிலர் சொன்னார்கள். வள்ளி அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டே திட்டினார். "எடது கையால குடுக்குற எழவு எனக்கு வேணாம். அந்தக் கையி அழுகிப் போவும் பாரு!" வள்ளி அக்கா ஒருவர்தான் அப்படிச் சொன்னார் என்று இல்லை. இன்று முன்னால் உட்கார்ந்து அழுகிற வேறு சிலரும் சொன்னார்கள். நான் கடைக்குள் இருந்தேன். நான் பேசாததால் எனக்குக் காதும் கேட்காது என்று நினைத்திருப்பீர்கள்.

அவர் விரட்டியவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், எல்லாக் குழந்தைகளும் பிழைத்தன என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் சிலர் அடுத்த தெரு மெடிக்கலுக்குப் போனார்கள். சிலர் விபூதி போடப் போனார்கள். அந்தக் குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

கூட்டம் குறைந்த பிறகு மத்தியானத்தில் கடையில் நானும் அவரும் பல்லிகளும்தான். ஒரு நாள் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"உங்கக்கா செஞ்சதுதான் சரி. மத்தியானமே தூக்கினு போயிருந்தா புள்ள பொழைச்சிருக்கும். அனுப்பாதது நான்."

என் கையில் இருந்த அட்டை கீழே விழுந்தது.

"உன்கிட்ட சொன்னா வெளிய போவாது. அதான் சொல்றேன்" என்றார்.

பள்ளியில் நிற்பதைப் போல நின்றேன். பதில் தெரிந்தது. அன்று வாயும் வந்தது.

"அத்தைகிட்ட சொல்லுங்கண்ணா."

அவர் நிமிர்ந்தார். சுவரில் இருக்கும் பல்லி பேர் சொல்லிக் கூப்பிட்டதைப் போலப் பார்த்தார்.

"அந்தக் கெழவிக்குக் காது கேக்காது" என்றார்.

"கத்தி சொல்லுங்க."

கீழே கிடந்த அட்டையைக் குனிந்து எடுத்து அடுக்கில் வைத்தார். பிறகு, "பாக்கலாம்" என்றார்.

அன்று வீட்டில் அக்காவிடம் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "இத என்கிட்ட ஏன் சொல்ற? எனக்குத் தெரியாததா? என் மாமியாகிட்டச் சொல்லச் சொல்லு" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் மாதக்கணக்கில் உயிரோடு இருந்தார். அத்தை வீடு கடையிலிருந்து கூப்பிடு தூரம். ஊரே திட்டும்படி இடது கையை நீட்டத் தெரிந்த மனிதருக்கு அந்தத் தூரம் நடக்க முடியவில்லை. திமிர் பிடித்தவன் என்று வெறுத்தால் வெறுக்கட்டும், உண்மை தெரிந்து வெறுக்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ. தினமும் அத்தை கடையைத் தாண்டிப் போவார். "கைராசிக்காரரே, சௌக்கியமா?" என்று கத்துவார். அவரிடம் மட்டும் அண்ணன் வலது கையைத் தூக்கிக் காட்டுவார்.

அவர் போன விதத்தை அண்ணி சொல்லித்தான் கேட்டேன். விடியற்காலையில் நெஞ்சு அடைக்கிறது என்றாராம். சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்ததாம். ஆட்டோவைக் கூப்பிடட்டுமா என்று அண்ணி கேட்டிருக்கிறார். "ஒண்ணும் இல்ல. கேஸ்தான்" என்றாராம். கடையிலிருந்து மாத்திரை வந்தது. போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில், "விட்டுடுச்சு" என்றார். அண்ணி நிம்மதியாகக் காபி போடப் போனார்.

கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தபோது நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். ஒவ்வொருவராக வலது கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். அக்காவும் வந்து வாசற்படிக்கு வெளியே நின்றாள். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. செத்துவிட்டாரா என்று பார்க்க வந்திருப்பாள்.

வள்ளி அக்கா தன் பையனைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். பையன் தோளில் துவண்டு கிடந்தான். "கொஞ்சம் வழி வுடுங்க. ஜுரம் இன்னிக்குக் காலையிலதான் விட்டுச்சு, வாந்தி மட்டும் நிக்கல. அண்ணன் கையி ஒருதரம் படட்டும். இனிமே எங்க கெடைக்கும்?" என்றார். அண்ணனின் வலது கையைத் தூக்கிப் பையனின் நெற்றியில் வைத்தார். யாரும் தடுக்கவில்லை. சிலர் கும்பிட்டார்கள். பிணத்தின் கையை விட அந்தக் குழந்தையின் கால் சூடாக இருந்ததா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. தொட்டுப் பார்த்தேன். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

அக்கா படி ஏறி உள்ளே வந்தாள். பையனின் பாதத்தைப் பிடித்துப் பார்த்தாள். வள்ளி அக்காவின் தோளிலிருந்து அவனைப் பிடுங்கினாள்.

"ஏய், இன்னாடி பண்ற?"

"ஆஸ்பத்திரி. கூட வரதுன்னா வா."

அத்தை கூட்டத்தின் நடுவில் இருந்தார். நடப்பது புரிந்ததும் எழுந்துவிட்டார். "அவகிட்டக் குடுக்காதடி! தூக்கினு போனா திரும்பி வராது! எம்பேத்திய முழுங்கினவடி அவ!"

ஒருவரும் அத்தையை அடக்கவில்லை. இரண்டு பேர் அக்காவின் கையைப் பிடித்தார்கள். அவள் உதறினாள். அவள் போய் ஆட்டோவில் ஏறியது வரைக்கும் அத்தையின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வள்ளி அக்கா மார்பில் அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி ஏறினார். அண்ணனின் வலது கை நெஞ்சுக்குத் திரும்பாமல் பக்கத்தில் தொங்கியது. நான்தான் எடுத்து வைத்தேன்.

அந்தப் பையன் இன்னும் வார்டில்தான் இருக்கிறான். தேறி வருகிறான் என்கிறார்கள். அண்ணனின் கை பட்டதால்தான் பிழைத்தான் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

இதுவரை எழுதியதை அண்ணியிடம் காட்டினேன். கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். முழுவதும் படித்தார். மாலை போட்ட படத்தைப் பார்த்தார்.

"மாத்திரைய எடுத்துக் குடுத்தது நான். அத எழுதாம வுட்டிருக்க. எழுதிக்கோ" என்றார்.

எழுதிவிட்டேன்.

தெருமுனையில் நீங்கள் கட்டியிருக்கும் பேனரில் அண்ணன் வலது கையைத் தூக்கியபடி சிரிக்கிறார். கீழே கைராசிக்காரர் என்று பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்வது இடது கையை. கடையை அண்ணி திறக்கிறார், நான் நிற்கிறேன். எனக்கு "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று நாலு பேருக்கு நடுவில் சொல்ல வராது. இடது கையை நீட்ட வரும். திட்டுவீர்கள். பரவாயில்லை.

அவர் என்னிடம் கொடுத்த இன்னொன்று, வெளியே போகாது என்று நம்பிச் சொன்ன அந்த வரி. அதை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

இதை வாசிக்கப் போவது அண்ணனின் தம்பி என்று அண்ணி சொன்னார். அவரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அத்தை முன் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார். இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். அத்தையைப் பார்த்து, கத்தி வாசியுங்கள்.

"சுதா செஞ்சதுதான் சரி. மத்தியானமே தூக்கினு போயிருந்தா புள்ள பொழைச்சிருக்கும். அனுப்பாதது நான்."

அவருக்குக் கேட்கவில்லை என்றால், மறுபடியும் வாசியுங்கள்.